கணவாய் மூடியிருக்கிறது

அர்லீன் டிர்க்சனுக்கு விமானத்தில் ஏறப் பயம் கிடையாது. கணவன் வில்மர் தனியாக ஏறிப் போனால்தான் பயம். பக்கத்து இருக்கையில் தானும் இருந்துவிட்டால், மலை முகத்துக்கு நேராக வந்தாலும் மடியில் பின்னல் நூலை வைத்துக்கொண்டு பேசாமல் வருவாள். போனால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம், அவ்வளவுதானே.

அவள் பிறந்தது கனடாவில், சஸ்காட்செவன் பக்கம். எந்தத் திசையில் பார்த்தாலும் கோதுமை. மேடு என்று சொல்ல ரயில் பாதையின் கரை ஒன்றுதான். அப்பா ஆலங்கட்டி மழை வருவதைக் காற்றில் முகர்ந்து சொல்லிவிடுவார். சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது, ஜன்னலருகே நின்று பயிர் போவதைப் பார்க்கலாம். அவர்கள் சபையில் புதன்கிழமைதோறும் சாட்சிக் கூட்டம் நடக்கும். எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று யாரும் எழுந்து சொல்லி அர்லீன் கேட்டதில்லை. பயம் தீர்ந்து போன பிறகுதான் கதை அந்த அறைக்குள் வரும்.

வில்மர் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவன். கல்யாணமாகி நாலாம் வருஷம், 1966-இல், மிஷன் அவனை நியூகினி மலைநாட்டுக்கு அனுப்பியது. கூட அவளும் போனாள். பிள்ளைகள் இல்லை. தொராபி என்ற ஊரில் ஒரு களிமண் ஓடுபாதை, ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, தகரக் கூரை போட்ட ஆறு வீடுகள். வில்மருக்கு ஒற்றை எஞ்சின் செஸ்னா விமானம். அர்லீனுக்கு ரேடியோ.

ரேடியோ வேலை சின்ன வேலை இல்லை. காலை ஆறரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும் மலைநாட்டின் ஒன்பது நிலையங்களும் வரிசையாகப் பேசும். உங்கள் பக்கம் மேகம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், ஓடுபாதை ஈரமா என்று கேட்டு எழுத வேண்டும். பாட்டரி காசு மாதிரி. அதனால் அந்த இரண்டு நேரம் தவிர எல்லாரும் ரேடியோவை அணைத்து வைத்திருப்பார்கள். வில்மர் பறக்கிற நாளில் மட்டும் தொராபி ரேடியோ நாள் முழுக்க உயிரோடிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் கூப்பிடுவான். எங்கே இருக்கிறான், எவ்வளவு உயரம், எத்தனை பேர். அவள் நோட்டில் எழுதுவாள். அரை மணி நேரம் குரல் வரவில்லை என்றால் தேடச் சொல்லி எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும்.

1970 ஆகஸ்டில் லாயிட் எப் என்ற இன்னொரு விமானியின் குரல் வரவில்லை.

லாயிட், மலையைக் கடக்கிற சிமு கணவாய்க்குள் நுழைகிறேன் என்று சொன்னதை அவள்தான் எழுதினாள். அதற்கடுத்த வரிக்கு நேரத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள், 9:40 என்று. அந்த வரி காலியாகவே இருந்தது. பத்து நாள் கழித்துத்தான் பறவை வேட்டைக்குப் போனவர்கள் இறக்கைத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். லாயிடின் மனைவி மூன்று பெட்டிகளோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியனுப்பும்போது எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். அர்லீனுக்கும் வாய் அசைந்தது.

அதற்குப் பிறகு, வில்மர் கிளம்பினால் அவளுடைய விரல் நுனிகள் சில்லிட்டுப்போகும். ஒன்பதாம் நிமிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். குரல் வந்தால் விடுவாள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை இப்படி. ஜெபம் என்று உட்கார்ந்தால் ஒரே வாக்கியம்தான் வரும். அவனைக் காப்பாற்றும், காப்பாற்றும். கதவைத் தட்டுகிற மாதிரி. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்கவில்லை.

வில்மரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு பயமா இருக்கு வில்மர்."

"எனக்குந்தான்," என்றான் அவன், சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரித்தபடி. "அதான் பெட்ரோலை ரெண்டு தரம் அளக்கறேன்."

"நான் எதை அளக்கறது?"

அவன் உரித்த கிழங்கில் பாதியை அவள் தட்டில் வைத்தான்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது.

மலைக்குத் தெற்கே, தாழ்நிலத்தில், ஆற்றோரம் மெரவா நிலையம். வில்மர் அரிசியும் தகரமும் கொண்டுபோய் இறக்குவது அங்கேதான். அங்கிருந்து திரும்ப வேண்டுமானால் சிமு கணவாய் வழியாக வடக்கே ஏற வேண்டும். கணவாயின் தொராபிப் பக்க வாயில் யாங்கோ கிராமம். கணவாயைப் பார்த்துச் சொல்வது யாங்கோவின் ஊழியக்காரர் எகாபோ. மெரவாவின் பழைய ரேடியோவுக்கு யாங்கோ கேட்காது. தொராபி மட்டும் கேட்கும். ஆகவே எகாபோ அர்லீனிடம் சொல்வார், அர்லீன் வில்மரிடம் சொல்வாள். நடுவில் வேறு ஆள் கிடையாது.

அன்று எகாபோ, "பாதி திறந்திருக்கு மிஸ்ஸியம்மா, தாராளமா வரலாம்," என்றார். அர்லீன் மெரவாவைக் கூப்பிட்டு, "கணவாய் மூடியிருக்கிறது," என்றாள்.

வில்மர் அன்றிரவு மெரவா வாத்தியார் வீட்டில் மீன் தின்றுவிட்டு, மறுநாள் காலை தெளிந்த வானத்தில் வந்து இறங்கினான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவள் அன்றைக்குத்தான் ஏழு மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. காப்பாற்றும் என்று கேட்டேன், கர்த்தர் மைக்கை என் கையில் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. மாதாமாதம் கனடாவிலுள்ள ஊர்ச் சபைக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் அதையே எழுதினாள்: 'கர்த்தர் கணவாயை மூடி வில்மரை ஒரு நாள் நிறுத்திக் காத்தார்.' அந்த வரியைப் பிரசங்கப் பீடத்திலிருந்து வாசித்ததாகவும் பலர் கண்ணீர் விட்டதாகவும் பதில் வந்தது. ஜூலைக்குள் இன்னும் மூன்று முறை கணவாய் மூடியது.

ஐந்தாம் முறை ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை.

பகல் பன்னிரண்டரைக்கு எகாபோவின் குரல் வந்தது. வில்மர் பறக்கிற நாள் என்பதால் அவரும் ரேடியோவைத் திறந்து வைத்திருந்தார். எப்போதும் முதலில் ஒரு கேலி வரும், பிறகுதான் வானிலை. அன்று கேலி வரவில்லை.

"மிஸ்ஸியம்மா, என் மக இமாரிக்கு வலி எடுத்து மூணாம் நாளு. பிள்ளை குறுக்கே கிடக்குங்குறா மருந்துக்காரி. இங்க ஒண்ணும் செய்ய முடியாதாம். கணவாய் நல்லா திறந்திருக்கு, இந்த முகட்டுலேருந்து அந்த முகடு வரைக்கும் தெரியுது. வில்மரை இங்க இறங்கி, அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. ஓவர்."

"சொல்றேன்," என்றாள் அர்லீன்.

சொல்லத்தான் நினைத்தாள். நோட்டில் தேதியைப் பார்த்தாள். லாயிட் போய் அன்றோடு சரியாக ஒரு வருஷம். விரல்கள் சில்லிட்டன. நாளைக் காலையில் முதல் வேலையாக அவனை அனுப்பிவிடலாம், காலையில் கணவாய் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு ராத்திரிதானே என்று எண்ணினாள். மெரவாவைக் கூப்பிட்டாள். இமாரியைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "கணவாய் மூடியிருக்கு வில்மர். காலையில வா," என்றாள்.

"மூணு நாளாவா வலி?"

"ஆமா."

"காலையில அந்தப் பொண்ணு இருக்குமா?"

அவள் பட்டனை அழுத்தவில்லை.

"அப்ப அவு நதி வழியா வர்றேன்," என்றான் வில்மர்.

அவு நதியின் பிளவு மலையைச் சுற்றி வருகிற வழி. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஆறு. உள்ளே நுழைந்தால் திரும்ப இடம் சில வளைவுகளில்தான் உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு அங்கே போகக் கூடாது என்று மிஷனில் எழுதப்படாத சட்டம். அவன் அந்த வழியை நினைப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வேண்டாம். அது வேண்டாம்."

"வேற வழி நீயே சொல்லு."

சொல்வதற்கு வழி இருந்தது. கணவாய் திறந்திருக்கிறது என்ற இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் மூடியிருக்கிறது என்றாய் என்பான். அதற்கு என்ன பதில் என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோதே மெரவா ரேடியோ அணைந்தது. எஞ்சினைக் கிளப்பப் போய்விட்டான்.

ஒன்று பத்துக்கு வானத்திலிருந்து அவன் கூப்பிட்டான். உயரம் மூவாயிரம் அடி, ஒருவர், பிளவின் வாயைப் பார்க்கிறேன் என்றான். அவள் எழுதினாள். எழுதி முடித்துப் பட்டனைத் தொட்டாள். இந்தத் தடவை வார்த்தை தொண்டை வரை வந்தது. எழுதாமல் பேசியிருக்கலாம். எழுதின அந்த ஒரு நிமிடம்தான்.

"வில்மர், கணவாய்..."

இரைச்சல் மட்டும் கேட்டது. பாறைச் சுவர் குரலை மறைத்துவிட்டது.

பிளவைக் கடக்க இருபத்தைந்து நிமிடம். ஒன்று முப்பத்தைந்துக்கு யாங்கோ பக்கம் வெளியே வர வேண்டும். ஒன்று முப்பத்தைந்து ஆயிற்று. அவள் நோட்டில் நேரத்தை எழுதவில்லை. முன்கூட்டி எழுதக் கை வரவில்லை. ஒன்று நாற்பது. வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் உடம்பு அதிர்ந்தது. ஒன்று நாற்பத்தைந்து. எகாபோவைக் கூப்பிட்டாள். விமானச் சத்தம் இல்லை என்றார். "ஏன், கணவாயிலதானே வருவாரு, நான் இப்பத்தான் ஏறிப் பாத்துட்டு வந்தேன்," என்றார். "மேகம்கூட இல்ல."

அவள் எழுந்து போய் வாசலில் வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு ஒன்பது நிலையங்களும் ரேடியோவைத் திறந்தன. முதலில் வந்தது கெவோனா நிலையத்தின் மிஸ் பெக்வித். அறுபது வயது, முப்பது வருஷமாகத் தனி ஆளாக மலைநாட்டில் இருப்பவள், அவளுடைய நாக்குக்கு நோட்டுப் புத்தக விளிம்பு மாதிரி கூர்மை.

"கெவோனா. மேகம் கால்வாசி. காத்து இல்ல. கோழி மட்டும் இருக்கு. ஓவர்."

"எல்லாரும் கேளுங்க," என்றாள் அர்லீன். "வில்மர் குரல் வந்து ஐம்பது நிமிஷம் ஆச்சு. மெரவாவுலேருந்து அவு பிளவுக்குள்ள போனாரு. வெளியில வரல."

ஐந்தாறு குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் எகாபோவின் குரல்: "பிளவா? ஏன் பிளவு? நான் கணவாய் திறந்திருக்குன்னு சொன்னேனே."

அப்போது அவள் சொன்னாள். "நீங்க சொன்னீங்க. நான்தான் மூடியிருக்குன்னு சொன்னேன். எனக்குப் பயம். பொய் சொன்னேன். இது முதல் தடவை இல்ல, அஞ்சாவது." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழுகை வந்தது. பட்டனை விடாமல் அழுதுகொண்டிருந்தாள். பட்டன் அழுந்தியிருக்கும்வரை வேறு யாராலும் பேச முடியாது.

ஒருவழியாகக் கை தளர்ந்தபோது மிஸ் பெக்வித்தின் குரல் உள்ளே வந்தது.

"அர்லீன், அழுறதா இருந்தா பட்டனை விட்டுட்டு அழு. மத்தவங்க பேசணும்."

"சரி."

"யாங்கோ, நீ பேசு."

எகாபோ பேசினபோது குரல் தாழ்ந்திருந்தது.

"திரும்பச் சொல்லுங்க மிஸ்ஸியம்மா. எனக்குச் சரியா விளங்கல."

விளங்கியிருந்தது. அவள் திரும்பச் சொன்னாள்.

"அஞ்சு தடவை," என்றார் எகாபோ. "கணவாயைப் பாக்கறதுக்கு நான் எங்க ஏறுவேன் தெரியுமா? கீழேருந்து தெரியாது. பைன் மரத்துல ஏறணும். எனக்கு நாப்பத்தேழு வயசு. ஒவ்வொரு தடவையும் ஏறி, என் கண்ணால பாத்து, இறங்கி வந்து சொன்னேன். நீங்க அதை எடுத்து எங்க போட்டீங்க?"

மற்ற எட்டு நிலையங்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

"எகாபோ," என்றாள் மிஸ் பெக்வித், "திட்டறதை நாளைக்கு வெச்சுக்க. நானும் சேர்ந்து திட்டறேன். இப்ப ஜெபம் பண்ணு."

"எனக்கு இப்ப மிஸ்ஸியம்மாவுக்காக ஜெபம் வராது."

"யாருக்காக வருதோ அவங்களுக்காகப் பண்ணு."

எகாபோ தன் சொந்த மொழியில் ஜெபித்தார். அர்லீனுக்கு அந்த மொழி தெரியாது. பெயர்கள் மட்டும் புரிந்தன. முதலில் வில்மர் என்ற பெயர் வந்தது. இமாரி பிறகுதான் வந்தது. இமாரி என்ற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி வில்மர் என்று ஆரம்பித்தார். அர்லீன் என்ற பெயர் கடைசிவரை வரவில்லை. அது நியாயம் என்று அவளுக்குப் பட்டது.

அவள் தானும் ஜெபிக்கப் பார்த்தாள். பழைய வாக்கியம், காப்பாற்றும் என்பது, வாய்க்கு வந்தது. ஆனால் இந்த ஐந்து மாதமாக அவள் யாரிடமும் கேட்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானே செய்துகொண்டிருந்தாள். செய்து செய்து அவனைக் கணவாயிலிருந்து எடுத்துப் பிளவுக்குள் போட்டிருக்கிறாள். இனி செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மைக்கில் பேசினால் அவனுக்குக் கேட்காது. ஓடினால் மலை.

"அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல," என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள். "உமக்குத் தெரியும்."

வேறு ஜெபம் அவளுக்கு வரவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலைந்து முறை சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே எட்டியது. இத்தனை நாளும், குரல் வந்தால் வில்மர் இருக்கிறான், குரல் நின்றால் இல்லை என்றுதான் அவள் உடம்பு நம்பியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவனை அவள்தான் உண்டாக்கிக்கொண்டிருந்த மாதிரி. ரேடியோ எட்டாத இடத்தில் அவன் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறான் என்பதுதான் அந்தப் பயத்தின் அடி. லாயிட் அந்தப் பத்து நாளும் மழையில் யாருக்கும் தெரியாமல் கிடந்தான் என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அப்படி இல்லை. லாயிடும் பார்க்கப்பட்டுத்தான் கிடந்தான். பாறைச் சுவர் அவளுடைய குரலுக்குத்தான் சுவர்.

பயம் போகவில்லை. கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் பயத்துக்குக் கீழே கால் வைக்கத் தரை இருந்தது.

இரண்டு இருபத்தைந்துக்கு எகாபோ கத்தினார். "சத்தம் கேக்குது. மேற்கே. சத்தம் கேக்குது." எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தின. ஒன்றும் கேட்கவில்லை, கீச்சென்ற ஊளை மட்டும் வந்தது.

பத்து நிமிடம் கழித்து யாங்கோ ரேடியோவில் வில்மரே பேசினான். மூச்சு வாங்கியது. பிளவின் நடுவில் மேகம் அடைத்துக்கொண்டதாம். ஒரு வளைவில் திரும்பி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஏறி, அரை மணி நேரம் சுற்றி ஓட்டை தேடினானாம்.

"பெட்ரோல்?" என்று கேட்டாள்.

"தொராபிக்கு வர்றதுக்கு இருக்கு. வந்து வானத்துல சுத்தறதுக்கு இல்ல. பொண்ணை ஏத்தறோம். தொராபி எப்படி இருக்கு?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிழக்கு முகட்டில் மழை கரும் போர்வை மாதிரி தொங்கியது.

"வில்மர், முதல்ல ஒண்ணு சொல்லணும். கணவாய் திறந்துதான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

பட்டனை விட்டாள். வில்மர் எஞ்சின் பழுதைக் கேட்டறிகிற குரலில் பேசினான்.

"எகாபோ இப்பத்தான் சொன்னாரு. சரி. அதை அப்புறம் பேசலாம். இப்ப நீ சொல்றதை நான் நம்பலாமா?"

"நம்பலாம்."

"அப்ப போய்ப் பாத்துட்டு வா. நான் காத்திருக்கேன்."

அவள் ஓடினாள். களிமண் ஓடுபாதையை அளக்கக் கருவி கிடையாது. குதிகாலை ஊன்றி உடம்பின் பாரத்தைப் போட வேண்டும், எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை ஊன்றிக்கொண்டே அந்தக் கோடிவரை போனாள். நேற்றைய மழை மேல்பக்கத்தில் தங்கியிருந்தது. மூடியிருக்கிறது என்று சொன்னால் வில்மர் யாங்கோவில் பத்திரமாக இருப்பான். இமாரி இருக்க மாட்டாள். வரலாம் என்று சொன்னால் அவன் வருவான், மழையும் வரும், யார் முதலில் என்று அவளுக்குத் தெரியாது. திரும்ப ஓடிவரும்போது அவள் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பார்த்ததை மறக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே நினைப்பாக இருந்தது, தலையில் தண்ணீர்ப் பானை வைத்துக்கொண்டு நடப்பவள் மாதிரி.

"மேல்பக்கம் மூணுல ஒரு பங்கு ஈரம். குதிகால் ரெண்டு விரல் இறங்குது. மீதி காஞ்சிருக்கு, இறங்கல. காத்து குறுக்கே, கிழக்கேருந்து. மழை கிழக்கு முகட்டுல நிக்குது. முகட்டைத் தாண்டல."

"இருபது நிமிஷம் தாங்குமா?"

தாங்கும் என்று சொல்ல ஆசை, தாங்காது என்று சொல்லவும் ஆசை.

"தெரியல," என்றாள் அர்லீன். "எனக்குத் தெரியல வில்மர்."

"போதும். வர்றோம். மூணு பேரு."

மூன்று பேர் என்று அவள் எழுதினாள். வில்மர், இமாரி, மருந்துக்காரி. எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். பத்தாம் நிமிடத்தில் குரல் வந்தது. பதினைந்தாம் நிமிடத்தில் மழை முகட்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது. அவள் அதையும் அப்படியே சொன்னாள். பத்தொன்பதாம் நிமிடத்தில் தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன, அவள் வெளியே ஓடினாள். செஸ்னா காய்ந்த பக்கத்தில் தரையைத் தொட்டு, ஈரத்தில் ஒரு முழம் வழுக்கி, மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவர்கள் இமாரியைக் கதவுப் பலகை ஒன்றில் படுக்கவைத்து இறக்கும்போது மழை எல்லாரையும் நனைத்தது.

இமாரி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம்தான் காரணமா என்று அர்லீன் டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே, "நேத்தே போயிருக்கலாம். இன்னைக்கு மத்தியானமும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது," என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, பொய்யும் வராது. அந்தத் 'தெரியாது'வை அவள் சாகும்வரை வைத்துக்கொண்டிருந்தாள்.

வில்மர் இரண்டு நாள் அவளோடு அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில், "நாலு தடவை மெரவாவுல அந்த மீனைத் தின்னேன்," என்றான். "அந்த வாத்தியாரு வீட்டு மீனு எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? அதுக்காவது நீ அழுதிருக்கணும்." பிறகு அவனே அழுதான்.

மகளை அழைத்துப்போக எகாபோ நாலு நாள் நடந்து வந்தார். அந்த ஊர் வழக்கப்படி, செய்த தவறுக்கு ஈடாக டிர்க்சன் வீட்டார் ஒரு பன்றி கொடுத்தார்கள். சூடான கல்லோடு குழியில் புதைத்து வேகவைத்து, யாங்கோவிலிருந்து வந்தவர்களும் தொராபிக்காரர்களும் உட்கார்ந்து தின்றார்கள். மிஷன் கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மன்னிப்புக்கு ஜெபம் போதாதா என்றார்கள். அர்லீன் ரேடியோவைவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். எகாபோ அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, இறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"புதுசா ஒருத்தி வந்தா அவளும் எப்ப பயப்படுவாளோ யாருக்குத் தெரியும். இவங்க பயப்படுவாங்கன்னு எனக்குத் தெரியும். இவங்களே இருக்கட்டும். ஆனா நான் சொன்னதை எனக்குத் திரும்பச் சொல்லணும். வார்த்தைக்கு வார்த்தை. வில்மருக்குச் சொன்னதையும் அப்புறம் எனக்குச் சொல்லணும்."

ஊர்ச் சபைக்கும் அவள் எழுதினாள். கர்த்தர் கணவாயை மூடவில்லை, நான் மூடினேன் என்று தொடங்கி நாலு பக்கம். அதைப் பீடத்திலிருந்து வாசித்ததாகப் பதில் வரவில்லை. அடுத்த கோடைக்குள் இரண்டு குடும்பங்கள் அவர்களுக்கு அனுப்பிவந்த காணிக்கையை நிறுத்திக்கொண்டன. ஒரு கிழவி மட்டும், 'நானும் பயப்படுகிறவள்தான்' என்று ஒரு தபால் அட்டையில் எழுதியிருந்தாள்.

அர்லீன் இன்னும் பதினோரு வருஷம் அந்த ரேடியோவில் இருந்தாள். அதில் இரண்டு முறை குரல் நின்றது. ஒருமுறை அது பாட்டரி. இன்னொரு முறை வில்மரின் கால் உடைந்தது. காப்பாற்றப்படுவது என்றால் ஒன்றும் நேராது என்பதல்ல என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவள் அரை மணியில் அறிவிக்க வேண்டியதை அரை மணியில் அறிவித்தாள், அழும்போது பட்டனை விட்டுவிட்டு அழுதாள்.

பன்றிக் கறி தின்றதற்கு மறுவாரம், எகாபோ ஊர் திரும்பிய பிறகு, வில்மர் மறுபடி மெரவாவுக்குப் போனான். மத்தியானம் யாங்கோ கூப்பிட்டது.

"முக்கால்வாசி திறந்திருக்கு. கிழக்குச் சுவர்ல மட்டும் மேகம், மெதுவா இறங்குது. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா வரலாம். ஓவர்."

அவள் விரல் நுனிகள் சில்லிட்டன. பட்டனை அழுத்தினாள்.

"முக்கால்வாசி திறந்திருக்கு. கிழக்குச் சுவர்ல மட்டும் மேகம். இறங்குது. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா வரலாம்."

"மெதுவா," என்றார் எகாபோ.

"மெதுவா இறங்குது."

"ம். இப்ப சொல்லுங்க அவர்கிட்ட."

அவள் மெரவாவைக் கூப்பிட்டாள்.